நாற்பதைத் தாண்டிய உடம்பு: ரங்கூனில் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. ரங்கூன் நகரத்துக்குள் பருப்புக் கடை வைத்திருக்கிறேன். 49 வயதில் ஒரு நாள் மூட்டை நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றேன். 54 வீசை காட்டியது. பர்மா வீசை 1.63 கிலோ, ஆக 88 கிலோ. "ஒன்றே முக்கால் மூட்டை முதலாளி" என்றான் கடைப் பையன். அதற்குப் பிறகு பதினான்கு மாதத்தில் எட்டு வீசை குறைத்தேன். இப்போது கடைக்கு வருகிறவர்கள் உளுந்து விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். படித்தது, டாக்டரிடம் கேட்டது, பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் இதில் கலந்திருக்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, நான் குண்டுதானா? பார்த்தா அப்படி ஒண்ணும் தெரியலையே?

நமக்குத் தெரியாமல் போவதற்கு லுங்கி ஒரு காரணம். பேன்ட் போடுகிறவனுக்கு இடுப்பு ஏறினால் பட்டன் சொல்லிவிடும். லுங்கி எதுவும் சொல்லாது. தினமும் புதிதாக மடித்துச் செருகுகிறோம், வயிறு எவ்வளவு வந்தாலும் அது இடம் கொடுக்கும். எனக்கு இருபது வருடம் அப்படித்தான் போயிற்று. அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் பழைய பேன்ட்டை எடுத்தபோது தொடையோடு நின்றுவிட்டது.

தையல்காரர் நாடா ஒன்று வாங்குங்கள். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். நம் போன்ற தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கான எல்லை இதைவிடக் கூடுதல். அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது, சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. நாடா இல்லையென்றால் ஒரு நூலை எடுத்து உங்கள் உயரத்தை அளந்து இரண்டாக மடியுங்கள். அந்தப் பாதி நூல் இடுப்பைச் சுற்றி வர வேண்டும்.

எத்தனை கிலோ குறைக்கணும்? தீபாவளிக்குள்ள முடியுமா?

எந்தத் தீபாவளி என்பதைப் பொறுத்தது. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் ஆடாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர். இருக்கும் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் பிரஷரிலும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். 80 கிலோ ஆளுக்கு அது நான்கைந்து கிலோதான். கல்யாண போட்டோவில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இன்னொன்று. சென்னையில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி நடக்க வைத்ததில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. ஆனால் எடை பெரிதாகக் குறையவே இல்லை. அதனால்தான் தராசில் தினமும் ஏறி இறங்கி மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். வாரம் ஒரு முறை தராசு, மாதம் ஒரு முறை நாடா போதும்.

நாற்பது வயசு ஆனா உடம்பு தானா பெருத்துடும்னு சொல்றாங்களே, உண்மையா?

நானும் அதை நம்பித்தான் பல வருடம் சும்மா இருந்தேன். 2021-ல் சுமார் 6,400 பேரை அளந்து வெளியான ஆய்வில், உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் இருபதிலிருந்து அறுபது வயது வரை கிட்டத்தட்ட மாறுவதில்லை என்று தெரிந்தது. அறுபதுக்கு மேல்தான் மெதுவாக இறங்குகிறது.

மாறுவது வேறு. முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு மூன்றிலிருந்து எட்டு சதவீதம் தசை கரைகிறது. கல்லாவில் உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். சம்பாத்தியம் கூடியதும் நடை குறைகிறது, டீக்கடையில் உட்காரும் நேரம் கூடுகிறது. பழி வயசு மேல் விழுகிறது.

சோத்தை அடியோட விட்டுடணுமா?

வேண்டாம். தமிழன் "சாப்பிட்டாச்சா?" என்கிறான், பர்மாக்காரன் "சோறு சாப்பிட்டாயிற்றா?" என்றே கேட்கிறான். இரண்டு பக்கமும் சோற்றில் பிறந்த நாம் அதை விட்டால் பத்து நாள் தாங்குவோம், பதினோராம் நாள் அண்டாவோடு உட்காருவோம்.

அளவை மாற்றுங்கள். தட்டில் பாதிக்குக் காய், கீரை. கால்பங்கு பருப்பு, மீன், முட்டை அல்லது கோழி. மிச்சம் கால்பங்குதான் சோறு. வடித்த சோறு ஒரு கிண்ணம் ஏறக்குறைய 200 கலோரி. முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு என்று சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டாவது முறை போடச் சொல்ல வாய் வராது.

நான் சாப்பிடறதே ரெண்டு வேளைதான். அப்புறம் எங்கிருந்துதான் வருது?

நிறையப் பேர் கேட்பது இதுதான். பொய் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள்.

முதல் இடம் டீ. நம்மூர் டீக்கடையில் கப்பின் அடியில் டின் பால் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு நாள் கலக்காமல் பாருங்கள். கெட்டி இனிப்புப் பால் இரண்டு மேசைக்கரண்டி ஏறக்குறைய 130 கலோரி. காலையில் கடை திறந்ததும் ஒன்று, சரக்கு எடுக்க வந்தவரோடு ஒன்று, மதியத் தூக்கம் கலைய ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆக 500 கலோரிக்கு மேல், இரண்டரைக் கிண்ணம் சோறு. இதை யாரும் சாப்பாடு என்று எண்ணுவதில்லை. அதே மேஜையில் பிளாஸ்கில் வெறும் தேத்தண்ணி, யே நுவே ஜான், காசு இல்லாமல் வைத்திருக்கிறார்களே, நான் அதற்கு மாறினேன். காலையில் ஒரே ஒரு பால் டீ, அதுவும் 'ச்சோ', அதாவது இனிப்பு, வேண்டாம் என்று சொல்லி. முதல் இரண்டு வாரம் நாக்கு சண்டை போட்டது, அப்புறம் பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருந்தது.

இரண்டாவது எண்ணெய். பர்மாக் கறியில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்க வேண்டும் என்பது இங்கே சமையல் இலக்கணம், நம் வீடுகளிலும் அது வந்துவிட்டது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பாமாயில், கடலெண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாமே இதில் ஒன்றுதான். ஆளுக்கு நாளுக்கு 20 கிராம் என்று வைத்தால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒன்றரை வீசை. உங்கள் வீட்டில் எத்தனை வீசை வாங்குகிறீர்கள் என்று அக்காவிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் நாலு வீசை. கேட்ட அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

சர்க்கரைக்குப் பதிலா பனைவெல்லம், தேன் போட்டுக்கலாமா?

ருசிக்குப் போடலாம், எடைக்கு வித்தியாசம் இல்லை. பகான் பக்கத்துப் பனைவெல்லமும் சர்க்கரையும் கிராமுக்குக் கிராம் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான். சர்க்கரை நோயாளிக்கும் அது சர்க்கரைதான்.

மொஹிங்கா, லபெத்தோ எல்லாம் இனி கிடையாதா?

மொஹிங்கா என்பது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், அந்தக் குழம்பில் தப்பு ஒன்றும் இல்லை. மீன், வாழைத்தண்டு, வெங்காயம். மேலே உடைத்துப் போடும் சுரைக்காய் பஜ்ஜி, பருப்பு வடை, பக்கத்தில் தொட்டுக்கொள்ள ஈச்சாகுவே என்ற பொரித்த மாவுக் குச்சி, இவைதான் எண்ணெய் மூட்டை. அவற்றுக்குப் பதில் அவித்த முட்டை போடச் சொல்லுங்கள்.

லபெத்தோ என்ற புளித்த தேயிலை சாலட்டில் தேயிலையைவிடப் பொரித்த பயறும் கடலையும் எண்ணெயும்தான் அதிகம். கோஸும் தக்காளியும் கூட்டச் சொல்லிச் சின்னத் தட்டாக வாங்கிச் சாப்பிடலாம். ராத்திரி சாப்பிட்டால் தூக்கமும் போகும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஒரு கிலோகூடக் குறையலையே?

கண்டோஜி ஏரிப் பக்கம், பழைய ஆட்கள் ராயல் லேக் என்பார்கள், விடியற்காலையில் பாருங்கள். நம்மவர்கள் நாலைந்து பேர் அரசியல் பேசிக்கொண்டு நடந்துவிட்டு, வெளியே வந்ததும் சமூசாவும் பால் டீயும். 80 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 280 கலோரி. டீயின் கணக்கை மேலே சொல்லிவிட்டேன், சமூசாவை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். நடை செய்வது வேறு வேலை: சர்க்கரை, பிரஷர், தூக்கம், மனசு, இறக்கிய எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வது. வாரத்துக்கு 150 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பேச வர வேண்டும், பாட்டுப் பாட வரக் கூடாது, அதுதான் சரியான வேகம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அந்த இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலம் ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் வெளியே கால் வைக்க முடியாது. அப்போ?

படி இருக்கிறதே. நகரத்துக்குள் நம்மில் பலருக்கு வீடு ஐந்தாவது மாடி, ஆறாவது மாடி, லிப்ட் கிடையாது. இருந்தாலும் கரண்ட் இருக்காது. பத்து நிமிடம் நிதானமாக ஏறி இறங்கினால் வேர்த்துவிடும். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மழை நாளில் அந்தப் படிகள் பாசி பிடித்திருக்கும். ஏப்ரல் வெயிலில் இதற்கு நேர்மாறு: ஆறு மணிக்குள் நடந்து முடித்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வீட்டு வேலையே நாள் பூரா செய்யறேன். அது எக்சர்சைஸ் இல்லையா தம்பி?

உட்கார்ந்திருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல் அக்கா. ஆனால் சமையலறைக்குள் நடக்கும் நடையில் மூச்சு வாங்காது, பழகிப்போன வேலையில் தசைக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

உங்களுக்கு ஒரே ஒரு யோசனை. பால்கனியிலிருந்து தொங்கும் கயிறு. கிளிப்பில் பையை மாட்டச் சொல்லி, மேலேயே நின்று பத்திரிகை, கீரை, பால் எல்லாம் இழுத்துக்கொள்கிறோம். கையைப் பார்த்தால் கயிறு இழுத்துத் தழும்பு, காலைப் பார்த்தால் ஒரு வாரமாகத் தெருவைப் பார்க்காத கால். நாளுக்கு ஒரு முறை அந்தக் கயிற்றை விட்டுவிட்டு நீங்களே இறங்கிப் போய் வாங்கி வாருங்கள். என் வீட்டில் ஆரம்பித்தது அப்படித்தான்.

தசைன்னு சொல்றீங்க. இந்த வயசுல போய் ஜிம்மா?

ஜிம் வேண்டாம், டீக்கடை ஸ்டூல் போதும். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து கையை முட்டியில் ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? எனக்கு 49 வயதில் முடியவில்லை. மேஜையைப் பிடித்து எழுந்ததில் தேத்தண்ணி பிளாஸ்க் பக்கத்து ஆள் மடியில் விழுந்தது. தராசு காட்டியதைவிட அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வீட்டில் சாதாரண உயர நாற்காலியில் ஆரம்பியுங்கள். பாதம் இரண்டும் தோள் அகலத்தில், குதிகால் தரையில். கையை மார்பில் கட்டிக்கொண்டு, சற்றே முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள், பொத்தென்று விழுந்தால் பலன் பாதி போயிற்று. பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தண்டால், பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குதிகால் தூக்குதல், இரண்டு கையிலும் தண்ணீர் கேன் தூக்கி வீட்டுக்குள் நடத்தல். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். நாலு மாதம் கழித்து நான் அந்த ஸ்டூலிலிருந்து கையில் கப்போடு எழுந்தேன்.

இதற்குப் புரதமும் வேண்டும். உடல் எடை கிலோவுக்கு நாளுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையில் 6 கிராம், நூறு கிராம் காய்ந்த பருப்பில் 22 கிராமுக்கு மேல். பருப்பு வியாபாரி வேறு என்ன சொல்வான் என்று சிரிக்காதீர்கள், நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கெட்டியாக வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முட்டி வலி இருக்கு. நடந்தா தேஞ்சு போயிடாதா?

சும்மா இருந்தால்தான் முட்டியைத் தாங்கும் தசை போய்விடும். முட்டித் தேய்மானம் உள்ளவர்களை அளந்து பார்த்ததில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். சமதரையில் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியை உயரமான நாற்காலியில் செய்யுங்கள், மாடிப்படியை இப்போதைக்கு விடுங்கள். ஷ்வேடகோன் படிகளில் வெறுங்காலோடு ஏறித்தான் கும்பிட வேண்டும் என்றும் இல்லை, அங்கே லிப்ட் இருக்கிறது. முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் முதலில் டாக்டர்.

மாதவிலக்கு நின்னதிலேர்ந்து வயிறு மட்டும் தனியா வருது. என்ன செய்தும் போகலை.

என் மனைவி கேட்டதும் இதுதான். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. வயிற்றை மட்டும் தனியாகக் குறைக்கும் பயிற்சி எதுவும் இல்லை. உடம்பு முழுவதும் குறையும்போது அதுவும் குறையும். எலும்பும் மெலியும் காலம் இது, அதனால் நடையைவிட ஸ்டூல் பயிற்சி உங்களுக்கு முக்கியம். களைப்பு, முடி கொட்டுதல், குளிர் தாங்காமை கூட இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிற மாதிரி அடிக்கடி பட்டினி கிடந்தா குறையுமா?

விரதம் சாமிக்கு, அதை எடையோடு கலக்க வேண்டாம் என்பது என் கட்சி. நேரம் குறித்துச் சாப்பிடும் முறையை முயன்று பார்க்கலாம். இங்கே பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை, பார்த்திருப்பீர்கள். ராத்திரி ஏழு மணிக்கு முடித்து மறுநாள் ஒன்பது மணி வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது பலருக்குச் சரிப்படுகிறது. அதில் மந்திரம் இல்லை, மொத்தத்தில் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறோம். விரதம் முடித்து வடை பாயசத்தோடு உட்கார்ந்தால் கணக்கு நேராகிவிடும்.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லாசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று கீழே போகும். கை நடுக்கம், வியர்வை, குழப்பம், மயக்கம். டாக்டரிடம் அளவை மாற்றச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். எடை குறையக் குறைய பிரஷர் மாத்திரையின் பழைய அளவும் உடம்புக்கு அதிகமாகிவிடலாம், எழுந்து நின்றால் கண் இருட்டும்.

ஸ்லிம்மிங் டீ, பவுடர்னு விக்கறாங்களே, நல்லதா?

நானும் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். மூன்று நாள் குளியலறைக்கும் கல்லாவுக்கும் நடந்தேன், அந்த நடையைக் கணக்கில் சேர்த்தால் உண்மையில் உடற்பயிற்சிதான். இரண்டு கிலோ இறங்கியது, அடுத்த வாரம் இரண்டும் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட டீ பலவற்றில் இருப்பது நிலவாகை இலை, அதாவது பேதி மருந்து. போவது தண்ணீரும் உப்பும்.

பவுடரும் மாத்திரையும் இதைவிட மோசமாகலாம். சிபுட்ராமின் என்ற மருந்தை மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'மூலிகை' என்று லேபிள் ஒட்டிய எடைக் குறைப்புச் சரக்குகளில் அதைக் கலந்திருப்பதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள்.

இப்ப ஊசி வந்திருக்காமே, வாரம் ஒண்ணு போட்டாப் போதுமாம்?

செமாக்ளூட்டைடு. இது ஏமாற்று இல்லை, உண்மையான மருந்து. சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குமட்டல், வாந்தி பலருக்கு உண்டு. கொழுப்போடு தசையும் போகும், அதனால் ஸ்டூல் பயிற்சியும் பருப்பும் ஊசி போடுகிறவர்களுக்கும் உண்டு. டாக்டர் பார்த்துத்தான் போட வேண்டும்.

ரங்கூனுக்கென்று ஒரு சிக்கல். பிரிக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊரில், அது எந்த பிரிட்ஜில் எப்படி இருந்து வந்தது என்று கேட்காமல் யார் பையிலிருந்தும் வாங்காதீர்கள்.

ஆறு கிலோ குறைச்சேன், ஒரே வருஷத்துல ஏழு ஏறிடுச்சு. எதுக்கு இந்தப் பாடு?

எனக்கும் நடுவில் மூன்று கிலோ ஏறியது, திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில். குறைந்ததும் பழைய தட்டுக்கும் பழைய டீக்கும் திரும்பினால் ஏறத்தான் செய்யும். நாடா முன்பிருந்ததைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடினால் அந்த வாரமே எண்ணெயையும் டீயையும் பிடியுங்கள். ஏழு கிலோ ஏறும் வரை காத்திருக்க வேண்டாம்.

நான் ஒண்ணுமே செய்யலை, எடை தானா இறங்குது. அதிர்ஷ்டம்தானே?

போன வருடம் என் வாடிக்கையாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். லுங்கியை எடுத்து மடித்துக் காட்டினார், மடிப்பு ஒரு சாண் கூடுதலாக வந்தது. முயற்சி இல்லாமல் ஆறு மாதத்துக்குள் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை. கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், காசநோய் எதுவாகவும் இருக்கலாம். காசநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் நம் நாடும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வியர்வை, அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர் என்று எதுவும் கூட இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அவருக்கு இருமல் இருந்தது. துவரம்பருப்பை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு டாக்ஸியைப் பிடித்து ஏற்றி அனுப்பினேன்.